வலிக்காத கால்

வீடு வீடாகப் போய் முடியாதவர்களைக் கவனிக்கும் பிலோமினாவின் கை ஒரு நொடி ஓய்ந்தாலும், மணிக்கட்டுப் பட்டை சிவந்து ‘சோம்பல்’ என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். அதனால் தனிக்கட்டை சுடலைமுத்து, பேச ஆசைப்படும்போதெல்லாம் வலிக்காத காலை நீட்டுவார். அவளும் அமுக்கிக்கொண்டே கதை கேட்பாள்.

வேலைநிறுத்தம் முடிந்து அவள் வந்த அன்றும் கால் நீண்டது.

“மடக்குங்க அண்ணாச்சி. சங்கத்துல ஜெயிச்சிட்டோம்லா! இனிமே பேச்சும் வேலைதான்.”

நாற்காலியை இழுத்துப்போட்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பட்டை பச்சையாகவே இருந்தது.

“அப்பாடா, பொழச்சேன்! நீ அமுக்குன அமுக்குலதான் இந்தக் காலுக்கு நெசமாவே வலி வந்துச்சு தாயி.”

பிலோமினா வாய்விட்டுச் சிரித்தாள். பட்டை அந்தச் சிரிப்பையும் வேலையில் சேர்த்துக்கொண்டது.