மேட்டுக்கொல்லை மாப்பிள்ளை

நவீன்குமாருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, தலையைக் கொஞ்சம் நேராக்கினாள் பாஞ்சாலி. தலை கழன்று கையோடு வந்துவிட்டது.

“ஏமே, மெதுவா. வூட்ல வேற சட்டி இல்ல” என்றான் அவள் புருஷன் வீரன்.

சட்டியை மூங்கிலில் மறுபடி கவிழ்த்து, அதன்மேல் மகனுடைய தொப்பியை அழுத்தினாள். பாவம், அவளும் வேறென்ன செய்வாள்? ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. பெண் வீட்டார் இன்றைக்குத்தான் வருகிறார்கள். விட்டால் ஆடி பிறந்துவிடும். ஓசூர் கம்பெனியில் மகன் நவீன்குமாருக்கு லீவு இல்லை. போனில் முகத்தைக் காட்டலாமென்றால் மலையூரில் டவர் இல்லை. இருந்ததெல்லாம் சாமை வைக்கோலும், அவன் விட்டுப்போன ஜீன்ஸும், செங்கம் கடையில் எடுத்த சட்டையும்தான். கொல்லைப் பொம்மை மாப்பிள்ளை ஆகிவிட்டது.

பெண் செவ்வந்தியின் தாய்மாமன் துரைக்கண்ணு வீட்டு வாசலில் போட்ட பாயில் உட்கார்ந்ததும் கேட்டார்: “மாப்ள எங்க?”

பாஞ்சாலி எதிர்மேட்டைக் காட்டினாள். “அதோ நிக்கிறான் பாருங்கண்ணே. வெதச்ச கொல்லைய வுட்டு எறங்கமாட்டான். குருவி பொறுக்கிடும்னு பயம்.”

துரைக்கண்ணு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “தலைமேல காக்கா குந்தியிருக்குதே?”

“வாயில்லா ஜீவன வெரட்டமாட்டான்ணே.”

“குருவிய மட்டுந்தான் வெரட்டுவாரா?”

வீரனுக்கு இருமல் வந்துவிட்டது.

பரியப் பேச்சு தொடங்கியது. மலையில் பெண்ணுக்குப் பரியம் தருவது மாப்பிள்ளை வீடுதான். துரைக்கண்ணு வாசலில் நின்ற பெரிய புளியமரத்தைக் கேட்டார். அந்த மரத்துப் புளியை விற்றுத்தான் பாஞ்சாலி வீட்டார் வருஷத்தை ஓட்டுவது. மரத்தையும் விட முடியாது, செவ்வந்தி மாதிரி ஒரு பெண்ணையும் விட முடியாது.

“ரெண்டு ஆடு தர்றோம். மரத்துக்கு எம்புள்ள ஒத்துக்கமாட்டான். இந்த வூட்ல அவன் பேச்சுதான் கடைசிப் பேச்சு” என்று மகன்மேல் போட்டுவிட்டாள். ஓசூரில் இருப்பவனை யார் போய்க் கேட்பது?

“அப்ப அவரையே கேட்டுட்டு வர்றேன்.” துரைக்கண்ணு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“அவன் யாருகிட்டயும் பேசமாட்டான்ணே. கூச்சம்.”

“எங்கிட்ட பேசுவாரு.”

வாசலில் நின்றபடி பாஞ்சாலி பார்த்துக்கொண்டே இருந்தாள். துரைக்கண்ணு மேடேறிப் போனார். காக்கா பறந்தது. அவர் மாப்பிள்ளைக்கு எதிரே குந்தி, பீடி பற்றவைத்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். பிறகு எழுந்து தோளில் கையும் போட்டார்.

“போச்சு. இனி எவன் பொண்ணு குடுப்பான் நமக்கு” என்று முனகினான் வீரன்.

ஆனால் திரும்பி வந்த துரைக்கண்ணுவின் முகமெல்லாம் சிரிப்பு. “தாம்பாளத்த எடும்மா தங்கச்சி. பொண்ண குடுத்தாச்சு. இந்த மாதிரி மாப்ள எங்களுக்கு எங்க கெடைப்பாரு? புளியமரத்த தர்றேன்னு ஒத்துக்கினாரு.”

பாஞ்சாலி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். “அவனா... சொன்னான்?”

“வாயத் தொறக்கல. தலையத்தான் ஆட்டினாரு. ஆட்டுன வேகத்துல கழண்டு வுழுந்துடுச்சு, நாந்தான் மாட்டிட்டு வந்தேன்.”