ஐந்தாவது கால்

படம் தெரியவேண்டும் என்று ஸ்ரீரங்கத்து ஒன்பதாம் வகுப்பின் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருக்கிறார்கள். திரையின் நீல வெளிச்சத்தில் நாற்பது முகங்கள். காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படிகளில் முதலை ஒன்று ஏறி வருகிறது. போலி வீடியோவைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பாடம். "காலைல அந்த வழியாத்தான வந்த? முதலை இருந்துச்சா?" என்று அனுசுயா டீச்சர் கேட்க, முதல் பெஞ்ச் ப்ரீத்தி எழுந்து, "இல்ல மிஸ். ஆனா வீடியோல இருக்கே" என்கிறாள். அனுசுயா படத்தை நிறுத்தி, முதலையின் கால்களை ஸ்கேலால் தொட்டுக் காட்டுகிறாள். வகுப்பே சேர்ந்து எண்ணுகிறது. ஐந்து. கம்ப்யூட்டர் செய்த முதலை. 'கால்களை எண்ணவும்' என்று ப்ரீத்தி நோட்டில் எழுதிச் சிவப்பில் அடிக்கோடு போடுகிறாள். அதைப் பார்த்த நிம்மதியில் அனுசுயா ஜன்னலைத் திறக்கப் போய்க் கொக்கியில் கை வைக்கிறாள். "மிஸ், அந்த வீடியோவ நம்ம க்ரூப்ல போடுங்க மிஸ்." ப்ரீத்திதான். "பொய்யின்னு இப்பத்தானடி எழுதின?" "பொய்தான் மிஸ். ஆனா வேற யாருக்கும் இன்னும் வரல. நாமதான் ஃபர்ஸ்ட்டு அனுப்புவோம்." இந்த வருஷத்தில் முதல் தடவையாக நாற்பது முகங்களிலும் ஆர்வம் தெரிகிறது. அனுசுயா கொக்கியை எடுக்காமல் அங்கேயே நிற்கிறாள்.