போனக்காடு பஸ் உண்டா?

ஒன்பது மணி ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தம்பானூர் பஸ் நிலையத்தில் போனக்காடு பஸ் வந்து நிற்கும் இடத்தில் ஈ காக்கை இல்லை.

கௌசல்யா ஆள் எண்ணுவதற்கென்றே வந்து தூணோரம் நின்றிருந்தாள். எண்ணக் கிடைத்தது ஒரே ஒருவன். அவனும் பயணி இல்லை. கழுத்தில் கேமராவும், ஆன்சன் என்று பெயர் போட்ட பத்திரிகை அட்டையும் தொங்கின.

சனிக்கிழமை என்றால் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள். மலை பார்க்கப் போகிறவர்கள் அவர்களை முந்தப் பார்ப்பார்கள். இங்கிருந்து போவது ஒன்பதேகால் பஸ் ஒன்றுதான். அதுவும் மழையும் யானையும் மனசு வைத்தால்தான் மேலே போய்ச் சேரும்.

இன்றைக்குப் பஸ் உண்டா என்று சொல்லத்தான் ஆறு வருடத்துக்கு முன் அவள் ஒரு வலைப்பதிவு தொடங்கினாள்.

தினமும் ஒரே ஒரு வரி. தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை.

எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் ரத்னாபாய், விடியும் முன்பே சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடந்துபோய், கண்ணால் பார்த்ததைப் போனில் சொல்லுவாள். போன் வராத நாளில் கௌசல்யா 'தெரியவில்லை' என்று போடுவாள். பார்த்தவர் சொல்லாத எதையும் அவள் ஒருநாளும் எழுதியதில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

விளம்பரத்தில் ஏதோ கொஞ்சம் காசு வந்துகொண்டிருந்தது. கரண்ட் பில்லும் கேஸும் அதில் ஓடின.

போன ஓணத்துக்குப் பிறகு பெரிய பத்திரிகை ஒன்று தன் இணையதளத்தில் போனக்காட்டுக்கு ஒரு பக்கம் தொடங்கியது. மலையின் வரலாறு, அருவிப் படம், பதினோரு பத்தி. நடுநடுவே தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் கழக்கூட்டம் என்ற ஊரில் ஃப்ளாட்டுக்கும் விளம்பரம். எல்லாவற்றையும் தாண்டிக் கீழே போனால் பஸ் நேரம்.

கூகுளில் முதலில் வருவது இப்போது அதுதான். அங்கே போகிறவர் ஐந்து நிமிடம் உட்கார்கிறார். கௌசல்யாவின் பக்கத்தில் மூன்று விநாடி. மூன்று விநாடிக்கு எந்த விளம்பரக்காரன் காசு கொடுப்பான்? வருமானம் பாதியாகி, பிறகு பாதியில் பாதியானது.

பதிலைக் கீழே தள்ளு, ஆள் கொஞ்சம் நிற்கும் என்று தெரிந்தவர்கள் யோசனை சொன்னார்கள். பஸ் உண்டா என்று கேட்டு வந்தவனுக்கு அருவியைக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

கழக்கூட்டம் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டு அனுப்பிய மெயிலைக் கணவன் கிரீஷ் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தான். காலை ஐந்தரை ஷிஃப்ட். போய்விட்டால் வலைப்பதிவுக்கு மூடுவிழாதான். இன்று பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தினமும் இத்தனை பேர் வந்தார்கள் என்று கம்ப்யூட்டர் ஓர் எண் காட்டும். அவர்கள் நம்பி வந்தவர்களா, கை தவறி வந்தவர்களா என்று அது சொல்லாது. இன்று காலை ரத்னாபாய் சொன்னதை வைத்து அன்றைய வரியைப் போட்டு முடித்தபோதுதான் தோன்றியது, நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று. தன்னை இன்னும் ஆட்கள் படிக்கிறார்களா இல்லையா என்பது ஒன்பதேகாலுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பது ஆனது. ஒன்பது ஐந்து ஆனது. ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, சவாரிக்கு யாரும் இல்லை என்று திரும்பிப் போனார்.

ஆன்சன் போனில் யாரிடமோ தணிந்த குரலில் மன்றாடிக்கொண்டிருந்தான். காதில் விழுந்த வரையில், எங்கள் இணையதளப் பக்கத்தைப் படித்துத் திரண்ட கூட்டம் என்று நாளைய பத்திரிகையில் ஒரு படம் வர வேண்டும். படம் எடுக்கத்தான் கூட்டம் இல்லை.

ஒன்பது பத்து. கௌசல்யா மறுபடி எண்ணினாள், அதே ஒருவன்தான். இந்த ஆறு வருடத்தில் எந்த மாதத்து விளம்பரக் காசும் அவளை இப்படி உலுக்கியதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

ஒன்பதேகாலுக்குப் போனை எடுத்து, கம்பெனிக்கு ஒரு வரி அனுப்பினாள். கூப்பிட்டதற்கு நன்றி, வருவதற்கில்லை.

அனுப்பி நிமிர்ந்தால் எதிரே ஆன்சன் நின்றிருந்தான். விசாரிக்க அங்கே வேறு ஆளும் இல்லை.

"சேச்சி, இன்னைக்கி ஹர்த்தால் ஒண்ணும் இல்லையில்லா? ஒம்பதேகாலுக்கு பஸ்னு எங்க சைட்ல தெளிவா கெடக்கு. ஆளுகள ஒண்ணையும் காணல்லியே."

கௌசல்யா சிரித்தாள்.

"எல்லாரும் வீட்ல இருக்காவ தம்பி. மேல மரம் விழுந்து ரோடு அடஞ்சு கெடக்கு, இன்னைக்கி பஸ் இல்ல, யாரும் வரண்டாம்னு விடியகாலம் நாந்தான் எழுதிப் போட்டேன்."