சூடு போதுமா?

ஊரப்பாக்கம் பிசியோதெரபி கிளினிக்கில், ராபியாவின் முழங்காலில் துண்டு சுற்றிய சூட்டுப் பையை வைத்த ஜெபா, "சூடு போதுமாம்மா?" என்று கேட்டாள்.

"இதமா கீதும்மா." பேச ஆளில்லாத வீட்டிலிருந்து ராபியா தினமும் இங்கே வந்துவிடுவாள்.

பையை எடுக்க வந்த ஜெபா பதறினாள். "ஐயோ, ஹீட்டர் போடவே மறந்துட்டேன். பை ஜில்லுனு இருக்கே! உங்களுக்குத் தெரியலியா? காலு மரத்துப்போச்சா?"

பை ஜில்லென்றிருந்தது ராபியாவுக்கு அப்போதே தெரியும். வலி தீர்ந்தே வெகு நாளாகிறது. குட்டு வெளிப்பட்ட கூச்சத்தோடு உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

"சும்மா வுடக் கூடாதும்மா. சிறுசேரில இருக்கிற உங்க மகன் உசாமாவ உடனே வரச் சொல்றேன்," என்று ஜெபா போனை எடுத்தாள்.

போன பெருநாளுக்குக்கூட வராத மகன்.

"ஆமாம்மா, மரத்துத்தான் போச்சு," என்றாள் ராபியா. "அவன வரச் சொல்லு."