வேகாத மயில்

“ஒட்டறதையெல்லாம் பிரிண்டுனு சொல்லாதீங்க அம்மிணி. அது ஸ்டிக்கரு!”

“ஆமாங்க மொதலாளி. நீங்க கலருக்கு ஒரு ஸ்கிரீன் செஞ்சு முடிக்கறதுக்குள்ள அந்த மயிலு பேரன் பேத்தி எடுத்துரும்!”

“போட்டுப் பாருங்க. நெஞ்சுல பிளாஸ்டிக் கவர் கட்டுனாப்புல வேர்க்கும்.”

“உங்க சாயத்து நாத்தத்துல எனக்கு மூக்கு எரியுது. அதச் சொன்னனா நானு?”

“இப்பச் சொல்லிட்டீங்களே!”

திருப்பூரில் பனியன் அச்சடிக்கும் ஒரு சந்து. இந்தப் பக்கம் அவள் கடை. படத்தைப் பிலிமில் எடுத்து, பனியன்மேல் வைத்து, ஹீட் பிரஸ்ஸில் சூடாக அழுத்தி ஒட்டுவாள்.

அந்தப் பக்கம் அவன் பட்டறை. நீள மேசை, ஸ்கிரீன் சட்டங்கள், சாய டப்பா. கலர் கலராகத் துணியில் அடித்து, சாயம் பிடிக்கச் சூட்டில் வேகவைப்பான்.

நடுவே ஓர் ஆட்டோ போகும் அகலம். சண்டை போட அது போதும்.

கல்யாணம் ஆகாத இரண்டு பேர் இவ்வளவு சத்தமாகப் பேசிக்கொள்ள வேறு காரணம் இருக்க முடியாது என்பது டீக்கடையின் தீர்மானம். அவர்கள் இருவரிடம் மட்டும் இதை யாரும் சொல்லவில்லை.

அன்று நடுவில் மாட்டிக்கொண்டவர் நாச்சிமுத்து. காலை நடைச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தார் அத்தனை பேருக்கும் மயில் போட்ட காட்டன் பனியன் வேண்டும். எதில் அடித்தால் நல்லது என்று கேட்டுவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான்.

கடைசியில் இரண்டு கையையும் தூக்கினார்.

“ஒரே பனியன். பின்னாடி தம்பி அடிக்கட்டும், முன்னாடி அம்மிணி ஒட்டட்டும். எங்கூட்டுக்காரி துவைப்பா. எது நிக்குதோ அதுக்குத்தான் ஆர்டரு.”

அவர் வீட்டம்மா கை பட்ட துணியில் பொத்தான் தங்கியதாகச் சரித்திரமே இல்லை.

அவளுக்கு இந்த ஆர்டர் வேண்டும்.

முந்தின நாள்தான் அண்ணன் ஈரோட்டிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். இன்னும் ஒரு ஆர்டர் கைநழுவினால் மிஷினை விற்றுவிட்டு வீட்டோடு வந்து இரு என்று. அதையும் டீக்கடையில் நின்று சொன்னான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

எதிர்ப் பட்டறை வரைக்கும் கேட்டது.

பின்பக்கம் அடித்து முடித்த பனியனை அவனே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான். முகம் பார்க்கவில்லை. போய்விட்டான்.

சண்டை இழுக்காமல் அவன் போனதைச் சந்து கவனித்துக்கொண்டது.

மயில் அழகாகத்தான் இருந்தது. தோகையில் ஒரு கலர் இன்னொன்றின் மேல் ஏறவில்லை. கழுத்து நீலத்தில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

பழக்க தோஷம். ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தாள்.

சூட்டில் நன்றாக வெந்த பிரிண்ட் துணியோடு சேர்ந்து இழுபடும்.

இது மயிரிழையாக விரிசல் விட்டது.

வேகவில்லை. வேகவைக்கவே இல்லை.

மறந்திருப்பானோ?

அவனா!

போன தீபாவளிக்கு வண்டியில் ஏறிப் போன சரக்கைப் பாதி வழியில் மறித்து இறக்கியவன். ஒரு பனியன் சரியாக வேகவில்லையோ என்ற சந்தேகத்துக்கு.

எதிரே பார்த்தாள். கழுவி வைத்த சட்டத்தை அவன் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தான்.

இப்படியே விட்டால் போதும். முதல் துவைப்பிலேயே அவன் மயில் தண்ணீரோடு போய்விடும். ஆர்டர் அவளுக்கு. ஈரோடு போக வேண்டாம்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. அவள் ஷட்டரை இறக்கிவிட்டாள். பாதிக்கு மேல் அது இறங்காது. அதனால்தான் சந்திலிருந்த எங்களுக்கு இவ்வளவாவது தெரிந்தது.

முன்பக்கம் தன் மயிலை ஒட்டினாள்.

பனியனைத் திருப்பினாள்.

அவன் மயில்மேல் ஒரு தாளைப் போட்டு மூடினாள். சூட்டுத் தட்டை இறக்கினாள்.

வேகும்வரை பக்கத்திலேயே நின்றாள். தன் மயிலுக்கு அவள் அவ்வளவு பொறுமையாக நின்றதில்லை.

மறுநாள் நாச்சிமுத்து வீட்டு மொட்டை மாடியில் பனியன் காய்ந்தது. பொழுதுபோகாதவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

காற்றடித்தால் முன்பக்க மயில். காற்று திரும்பினால் பின்பக்க மயில்.

இரண்டும் அப்படியே இருந்தன. தையல்தான் ஒரு பக்கம் விட்டிருந்தது.

அவன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

பிறகு திரும்பி, கூட்டத்தில் நின்ற அவளைப் பார்த்தான்.

“என்னங்க மொதலாளி, உங்குளுதும் நல்லாத்தான் நிக்குதாட்ட இருக்குது” என்றாள்.

“ஆமாங்க அம்மிணி” என்று ஒத்துக்கொண்டான் அவன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

நாச்சிமுத்து தலையைச் சொறிந்துவிட்டு ஆர்டரைப் பாதியாகப் பிரித்தார். அவள் கடை சாத்தப்படவில்லை. அண்ணன் அடுத்த முறை வந்தபோது டீக்கடையில் நிற்காமல் நேரே எதிர்ப் பட்டறைக்குள் போனான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் பார்த்ததில்லை. ஒன்றும் காதில் விழாததில் எங்களுக்கெல்லாம் வருத்தம்.

ஐப்பசியில் கல்யாணம். சந்தே திரண்டு போனது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலையும் போட்டுத் தாம்பூலப் பை கொடுத்தார்கள். அச்சுத் தொழில் செய்கிற மாப்பிள்ளை, அச்சுத் தொழில் செய்கிற பெண். ஆசையோடு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

பெயர் இல்லை, தேதி இல்லை. இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை.

எதில் அடிப்பது என்று முகூர்த்தம் வரைக்கும் முடிவாகவில்லையாம்.