கை எட்டுகிற பாட்டு

"இதுவும் வேண்டாமோ?" ஞானம்மா டீச்சர் பியானோ மூடியை அறைந்து சாத்தினார். உள்ளே கம்பிகள் ஒருமுறை முனகி அடங்கின.

"வேணாம் டீச்சரம்மா. அடுத்தத வாசிச்சுக் காட்டுங்க," என்றார் பழனியப்பன், பாசார் சந்தையில் மீன் பார்த்து நகர்கிறவர் போல.

பழனியப்பனுக்கு நாற்பது வயது. கிள்ளானில் சொந்தமாக ஒரு லோரி வைத்து ஓட்டுகிறவர். ரப்பர் விலை படுத்து, தோட்டத்துத் துரைகள் பலர் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷம் அது. அப்படிப் போன ஒரு துரையின் பியானோவை ஏலத்தில் எடுத்துவிட்டு, பாடம் வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸில் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஞானம்மா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர். அந்தப் பிள்ளைகளும் கப்பலேறிவிட்டதால், வேண்டாவெறுப்பாக இவரைச் சேர்த்துக்கொண்டார்.

சேர்த்தது தப்பு என்று முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. தொடக்கக்காரர்களுக்கான எட்டு வரிப் பாட்டு ஒன்றை டீச்சர் எடுத்து வைத்தார். "இது சின்னப் புள்ளைங்க பாட்டும்மா. பெரியவங்க வாசிக்கிறதாக் காட்டுங்க," என்று புத்தகத்தைத் தள்ளிவிட்டார் மனுஷன்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக இதே கதைதான். நடனத்துக்கு எழுதினது, தாலாட்டு மாதிரிப் போவது, கோயில் மணி மாதிரி அடிப்பது என்று எதை எடுத்தாலும் முழுசாக வாசித்துக் காட்டவேண்டும். முதலில் வலக்கை தனியாக, பிறகு இடக்கை தனியாக, அதன்பின் இரண்டும் சேர்த்து. "கட்டையைத் தொடும்" என்று டீச்சர் சொன்னால், "பாட்டு முடிவாகட்டும்மா" என்பார்.

போதாததற்கு, கொப்பரை நாற்றமடிக்கும் அந்த லோரியை நேரே ஜன்னலுக்கடியில் கொண்டுவந்து நிறுத்துவார். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்று வாசித்தது அருமையான வால்ஸ் நடன இசை. அதையும் வேண்டாம் என்றால்?

"ஏன் வேண்டாம்? காரணத்தைச் சொல்லும்."

"இடது கை ரொம்ப அகலமா விரியுது. கை எட்டாதும்மா."

டீச்சருக்குத் தலை கொதித்தது. பழனியப்பனின் கை முறம் போல் முழங்காலின்மேல் கிடந்தது.

"உம்மட கைக்கு எட்டாதோ? ஆரோட விளையாடுறீர்? மூண்டு மாசமா நான் வாசிக்கிறன், நீர் இருந்து கேக்கிறீர். நான் என்ன உம்மட கிராமபோன் பெட்டியோ?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. சின்னக் கைக்கு வரணும், ஆனா சின்னப்புள்ளத்தனமா இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு..."

"போதும்! இண்டைக்கு இப்பவே ஒண்டைச் சொல்லும். இல்லாட்டி இனிமேல் இந்தப் படி ஏறவேண்டாம்."

பழனியப்பன் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "போன வாரம் வாசிச்சீங்களே, மெதுவா ஆரம்பிச்சு, நடுவுல விம்மிக்கிட்டே எறங்குமே, அதுதான். பாட்டு முடிவாச்சு."

"அப்ப இந்த முக்காலியில இருந்து வாசியும்!" மூடி மறுபடியும் படாரென்று திறந்தது.

"நானா?" பழனியப்பன் எழுந்து ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தார். "வீரம்மா, எறங்கி வா."

மெலிந்த பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மிதியடியில் வெறுங்காலை இரண்டு முறை தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

"என் சம்சாரம்," என்றார் பழனியப்பன்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளங்கையை முந்தானையில் துடைத்து, முக்காலியில் உட்கார்ந்து, வாசிக்கத் தொடங்கினாள்.

புத்தகம் இல்லை. போன வாரத்துப் பாட்டு முதலிலிருந்து வந்தது. இரண்டு இடத்தில் தவறினாள். தவறிய இடத்தைத் தானே திரும்பிப் போய்ப் பிடித்தாள். இடக்கை எட்டாத ஓரிடத்தில் கீழ்ச் சுரத்தை முன்னால் தட்டிவிட்டு மேல் சுரத்துக்குத் தாவினாள். அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அந்த இடம் டீச்சர் வாசித்ததைவிட நன்றாக இருந்தது.

பாட்டு முடிந்தது. ஞானம்மா டீச்சரின் கோபம் மட்டும் முடியவில்லை. இப்போதுதான் அதற்குச் சரியான ஆள் கிடைத்தமாதிரி இருந்தது. பழனியப்பன் பக்கம் திரும்பினார்.

"மனுசனே! இப்பிடி ஒரு கையை அந்த நாத்தம்பிடிச்ச லோரிக்குள்ள இருத்திப்போட்டு, உம்மட பேரில பாடம் கேட்டனீரோ? பெஞ்சாதி படிச்சா உமக்குக் குறைஞ்சு போயிடுமோ? வெக்கமாயில்லையோ?"

பழனியப்பன் வாயைத் திறந்தார். வீரம்மா பார்த்த பார்வையில் மறுபடி மூடிக்கொண்டார்.

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். "உந்த ஆளை ஏன் அனுப்பினனீர் பிள்ளை? நீரே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சும்மாவே சொல்லித் தந்திருப்பனே!"

வீரம்மா அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தாள். இப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை.

"வந்தேன்ம்மா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, 'வேலைக்காரி வேண்டாம்'னு கதவச் சாத்திட்டீங்க."