கழன்ற கேபிள்

“ஏசி பாக்கச் சொன்னாக” என்றான் அஜய்குமார், தேனி ஆஸ்பத்திரியின் சர்வர் ரூம் வாசலில் நின்றபடி. கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். போடி பஜாரில் இருக்கும் அவன் பெயிண்ட் கடையில் டப்பா திறக்க வைத்திருப்பது.

ஏசியைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பெண் ஜெபஷீலா இங்கேதான் நெட்வொர்க் இன்ஜினியர். “பிள்ளைக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்” என்று பஜாரில் யாரோ காதில் போட்டுவிட்டார்கள். நேரிலேயே சோதித்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டான்.

ஜெபஷீலா மடியில் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ரேக்கில் நாலு புது நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

“ஏசி கெடக்கட்டும். இங்கன வந்து இந்தக் கேபிளையெல்லாம் மாட்டித் திருகை நல்லா இறுக்குங்க. நாலும் சேந்து ஒரே ஸ்விட்ச்சா ஓடணும்.”

மாட்டினான். பச்சை விளக்குகள் எரிந்ததும், ஆஸ்பத்திரி லைன்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினாள் அவள்.

வாசலுக்கு டீ வந்தது. “உங்களுக்குச் சீனி போடாமத்தான் சொன்னேன்” என்றாள் ஜெபஷீலா.

அவன் சீனியை விட்டு ஒரு வருஷமாகிறது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு குடித்தான்.

இதுவரை அவள் முகம் ஒரு தடவைகூடச் சுளிக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பி போன் பேசிய நேரம் பார்த்து, திருகைத் தளர்த்தி ஒரு கேபிளை உருவினான். லேப்டாப்பில் ‘ஒரு கேபிள் கழன்றது’ என்று ஒரு வரி ஓடியது.

ஜெபஷீலா போனை வைத்தாள்.

“ஸ்கேன் ரூம்லேருந்து டாக்டருக்குப் படம் போய்க்கிட்டு இருக்கு. நல்லவேளை, நாலையும் வளையமா மாட்டுனோம். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் மறுபக்கமாச் சுத்திப் போயிரும்.”

“தானாக் கழண்டிருக்கும்ங்க.”

“இருக்கும்.” எழுந்து போய் அவளே கேபிளைச் செருகித் திருகை இறுக்கினாள். ஒரு அதட்டல் இல்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

அஜய்குமாருக்கு மனசு நிறைந்துபோனது. கோபமாம் கோபம்! பஜாரில் இருக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எதற்கு, இன்றைக்கே அம்மாவிடம் சம்மதம் சொல்லிவிட வேண்டியதுதான்.

“அப்ப நான் கெளம்புறேங்க. ஏசி நல்லாத்தான் ஓடுது.”

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் ஜெபஷீலா சொன்னாள்:

“ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்கு வர வேண்டாம், அண்ணே.”